புதன்கிழமைக் கணக்கு

பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டை யாரும் சுவைத்துப் படிப்பதில்லை. அதில் கதை கிடையாது, வர்ணனை கிடையாது, பெயர்களும் குறிகளுந்தான் உண்டு. ஆனால் இருபது வருஷமாக உபாத்தியாயர் உத்தியோகம் பார்த்து வருகிற எனக்கு, அந்தப் புஸ்தகம் ஊரின் சரித்திரமாகவே தோன்றுவதுண்டு. மாசி மாதத்தில் சில நாள் வகுப்பில் பாதி காலியாகக் கிடந்தால் வீரப்பூரில் திருவிழா என்று அர்த்தம். கார்த்திகையில் பெரிய பையன்களின் பெயருக்கு நேரே வரிசையாக 'வரவில்லை' என்று குறி விழுந்தால், கடலை பிடுங்குகிறார்கள் என்று அர்த்தம். இவையெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை வந்து போகிறவை. ஆனால் எல்லா மாதங்களிலும், எல்லா வாரங்களிலும், தப்பாமல் ஒரு பத்தியில் மட்டும் ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும். அது புதன்கிழமைப் பத்தி.

காரணத்தைத் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் ஊருக்கு மணப்பாறைதான் பட்டணம். அந்தப் பட்டணத்தில் செவ்வாய்க்கிழமை பிற்பகல் தொடங்கிப் புதன்கிழமை முழுவதும் சந்தை.

மணப்பாறை என்றதும் நேயர்களுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று மாடு, மற்றொன்று முறுக்கு. முறுக்குக்கு 2023-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்து, அது சட்டப்படியே பெரிய மனிதர் ஆகிவிட்டது. மாட்டுக்கு அப்படி ஒரு பத்திரமும் தேவைப்படவில்லை. திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் தென்மேற்கு மூலையில் கிடக்கும் இந்த வறண்ட பூமிக்கு, காவேரி ஒரே ஜில்லாவில் ஓடியும் சொந்தமில்லை. வானம் பார்த்த நிலம். சோளம், கடலை, அவரை, துவரை. இப்படிப்பட்ட சீமையில் வயல் வருஷம் ஒரு முறை கொடுப்பதைச் சந்தைதான் வாரம் ஒரு முறையாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஆகவே எங்கள் ஜனங்கள் வாரத்தைக் கணக்கிடுவது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அல்ல. "சந்தைக்கு முந்தி", "சந்தை கழிஞ்சு" என்று இரண்டே பாகந்தான்.

சந்தைப் பிரயாணம் செவ்வாய்க்கிழமை மாலையிலேயே ஆரம்பமாகிவிடும். கொல்லையில் அவரைக் கொடியைச் சுற்றிப் பெண்கள் நிற்பார்கள். முருங்கைக் காயைக் கட்டுக் கட்டாகக் கட்டி ஈரச் சாக்கைப் போர்த்தி வைப்பார்கள். கோழிக்கு எந்தப் பஞ்சாங்கம் தெரியுமோ, அன்று சாயங்காலம் மட்டும் பிடிபடாமல் கூரைமேல் ஏறிக்கொள்ளும். பையன்கள் அதைத் துரத்துவார்கள். அதன் இரண்டு காலையும் வாழை நாரால் கட்டியாகிவிட்டால் பிரயாண ஏற்பாடு பூர்த்தியாகிவிட்டது என்று சொல்லலாம்.

நான் சிறு பையனாக இருந்த காலத்தில் மாட்டுவண்டியில் போனோம். நடுச்சாமத்துக்கு மேல் வண்டி கட்டுவார்கள். அச்சுக்குக் கீழே லாந்தர் ஆடிக்கொண்டே வரும். மூட்டைகளின்மேல் வைக்கோலைப் பரப்பிச் சிறுவர்களைப் படுக்க வைப்பார்கள். வண்டிக்காரர் தூங்கிப்போனாலும் மாடு வழி தப்பாது. அதற்கும் சந்தைப் பாதை மனப்பாடம். இன்று எங்கள் ஊரில் வண்டி ஒன்றுகூட இல்லை. உழுகிறது டிராக்டர், ஏற்றிப் போகிறது சரக்கு ஆட்டோ. அதற்கு வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு இருக்கிறது விடியற்காலை முதல் பஸ்.

அந்த முதல் பஸ்ஸைப் பற்றி ஒரு புராணமே எழுதலாம். 2021-ஆம் வருஷம் மே மாதத்தில் அரசாங்கம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று உத்தரவு போட்டது. அதுவரையில் வீட்டுக்கு ஒருவர் மட்டும் போய்வந்தது போக, அதன் பிறகு மாமியாரும் மருமகளும் சேர்ந்தே கிளம்பத் தொடங்கினார்கள். இது சாதாரண மாறுதல் அல்ல. பஸ் கட்டணத்துக்காகப் புருஷனிடமோ பிள்ளையிடமோ கை நீட்ட வேண்டியிருந்தவள், தன் கொல்லையில் காய்த்த இரண்டு படி மொச்சையைத் தானே கொண்டுபோய் விற்கத் துணிந்தாள். ஆள் இலவசம் என்றாலும் கூடை இலவசம் அல்லவே! கூடைக்குச் சீட்டு வாங்க வேண்டுமா, கோழிக்கு வாங்க வேண்டுமா என்பதைப் பற்றிக் கண்டக்டருக்கும் பாட்டிமாருக்கும் புதன்கிழமைதோறும் நடக்கும் வாதத்தைக் கேட்டால், ஹைகோர்ட்டு வக்கீல்கள் வெட்கித் தலைகுனிவார்கள்.

நிற்க. நான் சொல்ல வந்தது ஒரு பையனைப் பற்றி.

அவன் ஏழாம் வகுப்பில் இருந்தான். பெயர் வேண்டாம், 'புதன்' என்றே வைத்துக்கொள்வோம். கணக்கில் கெட்டிக்காரன். மற்றப் பாடங்களில் அவனைக் குறை சொல்லவும் முடியாது, மெச்சவும் முடியாது. அவனிடம் எனக்கிருந்த ஒரே மனத்தாங்கல், எல்லாப் புதன்கிழமையும் அவன் வராததுதான். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். "சந்தைக்குப் போனேன், சார்" என்பான். "சந்தையில் உனக்கு என்னடா வேலை? முறுக்குத் தின்கிற வேலையா?" என்று ஒரு நாள் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். வகுப்பு சிரித்தது. பையன்களைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று நானும் கொஞ்சம் பெருமைப்பட்டேன். புதன் மட்டும் சிரிக்கவில்லை.

2023-ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில் மேலதிகாரிகளிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. பள்ளிக்கு ஒழுங்காக வராத மாணவர்களின் பட்டியலைத் தயார் செய்து நேரில் கொண்டுவர வேண்டும். பட்டியலில் கடைசிப் பத்தி, 'காரணம்.' சிலருக்கு, பெற்றோர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றது. சிலருக்கு உடல்நலக் குறைவு. புதனுடைய பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று அரை நிமிஷம் யோசித்தேன். பிறகு அழகான கையெழுத்தில் 'ஆர்வமின்மை' என்று எழுதினேன்.

பட்டியலைக் கொடுக்கக் குறித்த நாள் ஒரு புதன்கிழமையாக வாய்த்தது. என் மோட்டார் சைக்கிள் அந்தச் சமயம் பார்த்துப் படுத்துக்கொண்டது. ஆகவே நானும் முதல் பஸ்ஸில் ஏறும்படியாயிற்று.

பஸ்ஸுக்குள் பனிக்காலத்து இருட்டு. வெற்றிலை வாசனையும் கொத்தமல்லி வாசனையும் கோழி வாசனையும் கலந்து ஒரு தனி மணம். கூடைகளைத் தாண்டி ஒரு காலை வைக்க இடம் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், எதிரே ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்திருக்கிறான் புதன்! அதுவும் எப்படி? தலையைப் படிய வாரி, நெற்றியில் திருநீறு பூசி, பள்ளிக்கூடச் சீருடையில்!

பள்ளிக்கு மட்டம் போடுகிறவன் சீருடை போட்டுக்கொண்டு போவதா என்று எனக்கு ஒரு கணம் கோபம் வந்தது. மறு கணம் விஷயம் விளங்கிற்று. சீருடையில் வருகிற பள்ளிப் பிள்ளைகளிடம் அரசாங்கப் பஸ்ஸில் கண்டக்டர் காசு கேட்பதில்லை. சொந்தச் சட்டையில் வந்தால் போக வரச் செலவு. சீருடையில் வந்தால் மிச்சம். பையன் என்னைப் பார்த்துவிட்டான். எழுந்து நிற்க முயன்றான். மூட்டை இடம் கொடுக்கவில்லை. பக்கத்திலிருந்த அவனுடைய அப்பாயி, எழுபது வயதுக்கு மேலிருக்கும், என்னைப் பார்த்து, "வாங்க வாத்தியாரய்யா! சந்தைக்குங்களா?" என்று கேட்டுவிட்டு, உட்கார இடமில்லாத பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் பண்ணிக் கொடுத்தாள்.

அலுவலகம் திறப்பதற்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. காப்பி சாப்பிட்டேன். பிறகு கால் தானாகவே சந்தைக்குள் சென்றது.

முதலில் மாட்டுச் சந்தை. விடிந்தும் விடியாத வேளையில் அது ஒரு சேனை பாசறை போட்டதுபோல் இருக்கும். எங்கே பார்த்தாலும் கொம்பு. எங்கே பார்த்தாலும் மூச்சுப் புகை. வாங்க வந்தவர்கள் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். முதுகில் சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று தேடுவார்கள். நாலு எட்டு நடத்திக் காலைக் கவனிப்பார்கள். எல்லாம் திருப்தியானால் தரகர் தோளிலிருந்து துண்டை எடுப்பார். அதன் அடியில் இரண்டு பேர் கைகளும் மறைந்துவிடும். அப்புறம் வாய் பேசுவதெல்லாம் ஊர்க் கதை. விலையைப் பேசுகிறவை விரல்கள். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை ஆயிரம், இப்படி அழுத்தினால் இத்தனை நூறு என்று ஒரு பாஷை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. சிறு வயதில் இதைப் பார்த்து ஏதோ திருட்டுத்தனம் என்று நினைத்திருக்கிறேன். இப்போது அதில் ஒரு நியாயம் தெரிந்தது. துண்டுக்கு அடியில் இருக்கும் இருவருக்கும் அந்தப் பாஷை சரிசமமாகத் தெரியும். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத எழுத்து அங்கே ஒன்றுமில்லை.

இந்த நினைப்போடு காய்கறிப் பக்கம் வந்தேன். அங்கே ஒரு கமிஷன் கடை வாசலில் புதனும் அப்பாயியும் நின்றார்கள். தக்காளிக் கூடைகள் அடுக்கியிருந்த மறைவில் நானும் நின்றேன். ஒட்டுக்கேட்பது உபாத்தியாயருக்கு அழகல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவரைக்காய் மின்னணுத் தராசில் ஏறியது. சிவப்பு எழுத்துகள் ஒளிவிட்டன. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பன்னிரண்டு கிலோ. முப்பத்தைந்து மேனிக்கு நானூற்றிருபது" என்றார்.

"பன்னிரண்டு கிலோ அறுநூறு கிராம், அண்ணே" என்றது ஒரு சிறு குரல்.

"கிராமுக்கெல்லாமாடா கணக்குப் பார்ப்பாங்க?"

"அறுநூறு கிராமுக்கு இருபத்தொரு ரூபாய் வருது. மொத்தம் நானூற்று நாற்பத்தொன்று. உங்க கமிஷன் நூற்றுக்குப் பத்து. நாற்பத்துநாலு ரூபாய் எடுத்துக்கிட்டு முந்நூற்றுத் தொண்ணூற்றேழு கொடுங்க."

குரலில் துடுக்கு இல்லை. வகுப்பில் விடை சொல்வதுபோல நிதானமாகச் சொன்னான். கடைக்காரர் அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணினார். அவர் கொடியவர் அல்ல. எல்லாரிடமும் கிராமை உதறிவிட்டு முழுக் கிலோவைப் பேசுவது அவர் தொழிலின் வழக்கம். அவருக்கு அது ஒரு கை அசைப்பு. கிழவிக்கு அது ஒரு நாள் எண்ணெய்ச் செலவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

"யாருடா உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எங்க சாருதான்" என்றான் புதன்.

தக்காளிக் கூடைக்குப் பின்னால் நின்றவனுக்கு அந்த இரண்டு வார்த்தையும் எப்படி இருந்தன என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த பட்டியலில் 'ஆர்வமின்மை' என்ற சொல் நெருப்பாய்ச் சுட்டது.

ஆனால் என்னை வெட்கப்பட வைத்தது அது மட்டும் அல்ல. இதுவரையில் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

1990-ஆம் வருஷம், அதுவும் கார்த்திகை மாதந்தான். எனக்குப் பத்து வயது. நான் பிறந்த ஊரும் இந்தப் பக்கத்து மானாவாரிச் சீமைதான். என் அப்பாயியும் நானும் மூன்று மூட்டைக் கடலையைப் பக்கத்து வீட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு டவுனில் ஒரு மண்டிக்குப் போனோம். நிறுத்ததில் 112 கிலோ வந்தது. கிலோ 7 ரூபாய் 50 காசு. மண்டிக்காரர் காகிதத்தில் ஏதோ கிறுக்கினார். "எண்ணூற்று நாலு" என்றார்.

நான் வகுப்பில் கணக்கில் முதல்வன். 112-ஐ ஏழரையால் பெருக்கினால் 840 என்று அவர் பேனாவை மூடுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. 840 எப்படியோ 804 ஆகியிருந்தது. அது கை தவறியதா, மனம் தவறியதா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த மண்டியின் திண்டும், இரும்புப் பெட்டியும், மண்டிக்காரர் கழுத்துச் சங்கிலியும், சுற்றி நின்ற ஆட்களின் அதட்டலும் என் நாக்கைக் கட்டிப்போட்டன. வாயைத் திறந்தேன், சப்தம் வரவில்லை. அப்பாயி பணத்தை வாங்கி முடிந்துகொண்டாள்.

அவளுக்கு இருமல் உபத்திரவம். அந்த வருஷம் ஒரு கம்பளி வாங்கிவிடுவது என்று ஆடி மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பளிக் கடையில் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தாள், விலை கேட்டாள், முடிச்சை அவிழ்த்து எண்ணிப் பார்த்தாள், மறுபடியும் முடிந்தாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், சாமி" என்றாள். பிறகு எனக்கு ஒரு ஜியாமெட்ரிப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். "எம் பேரன் கணக்குல புலி" என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

36 ரூபாய். அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. முதலில் பயம், பிறகு வெட்கம், பிறகு காலம் கடந்துவிட்டது. நான் சர்வகலாசாலையில் கணிதத்தில் பட்டம் பெற்ற செய்தியைக் கேட்டு ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். அதற்கடுத்த வருஷம் காலமானாள்.

நான் வாய் திறக்காத இடத்தில் இந்தப் பையன் வாய் திறந்தான். அவனைத்தான் நான் முறுக்குத் தின்னப் போகிறவன் என்று வகுப்பில் கேலி செய்திருந்தேன்.

புதன் முறுக்குக் கடையையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார்கள். நானும் மறைவிலிருந்து வெளியே வந்து கூடப் போனேன். அப்பாயியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பாட்டி, நீங்களே பார்த்து வாங்கக் கூடாதா? இவனை எதற்குக் கூட்டி வருகிறீர்கள்?"

"முந்தியெல்லாம் நானேதான் வருவேன், வாத்தியாரய்யா. அப்ப கைத் தராசு. முள்ளு எந்தப் பக்கம் சாயுதுன்னு கண்ணாலே பாத்துக்கலாம். தட்டுக்கு அடியிலே புளி ஒட்டியிருந்தாலும் கண்டுபிடிச்சிருவேன். படிக்கல்லைக் கையிலே தூக்கினா எடை தெரிஞ்சு போயிடும். இப்ப அந்தப் பொட்டியிலே செவப்பா ஏதோ எரியுது. அது என்னா சொல்லுதுன்னு அவுங்களுக்குத்தான் தெரியும்."

இதைக் கேட்டு நான் திகைத்துப் போனேன். மின்னணுத் தராசு வந்தது ஏமாற்றைக் குறைப்பதற்காக. வருஷத்துக்கு ஒரு முறை அதற்கு அரசாங்க முத்திரை போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஐம்பது வருஷம் சந்தையில் பழகிய ஒரு கிழவியிடமிருந்து அவளுடைய கண்ணையும் கையையும் அது பிடுங்கிக்கொண்டுவிட்டது. இது முதல் தடவையும் அல்ல. வீசையும் பலமும் போய்க் கிலோவும் கிராமும் 1962-இல் கட்டாயமானபோது, என் அப்பாயியின் தலைமுறை இதே திகைப்பை அடைந்தது. நாற்பது பலம் ஒரு வீசை என்று விரலில் வைத்திருந்த கணக்கெல்லாம் செல்லாக் காசாயிற்று. கடைசி நாள் வரையில் அவள் கிலோவை 'முக்கால் வீசைக்குக் கொஞ்சம் குறைய' என்று மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தாள்.

சந்தையில் நியாயம் வேண்டும் என்று நம் தேசத்தில் யாரும் நினைக்காமல் இல்லை. 1928-இல் ராயல் விவசாயக் கமிஷன் இதைப்பற்றி எழுதியது. 1933-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. அதன்படி முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக ஏற்பட்டது. கண்டபடி கழிவு பிடிப்பதையும் எடையில் குறைப்பதையும் தடுப்பதுதான் நோக்கம். 1999-ஆம் வருஷம் நவம்பர் 14-ஆந் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அங்கே தரகும் இல்லை, கமிஷனும் இல்லை. "அங்கே போகலாமே?" என்று பாட்டியைக் கேட்டேன். "அட்டை வேணுமாம். அட்டைக்குப் பட்டா வேணுமாம். பட்டா இன்னும் எங்க மாமனாரு பேருலே கெடக்கு. அவரு போயி முப்பது வருஷம் ஆச்சு" என்றாள். சட்டம் பஸ் நிலையம் வரையில் வந்துவிட்டது. அங்கிருந்து அவள் கொல்லை வரையில் வர வண்டி கிடைக்கவில்லை.

ஜே. ஸி. குமரப்பாவை இந்தச் சமயத்தில் நினைத்துக்கொண்டேன். தஞ்சாவூரில் பிறந்து, கணக்குத் தணிக்கைத் தொழிலில் தேர்ந்து, 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தவர். தணிக்கையாளர் என்றால் பெரிய கம்பெனிகளின் பேரேட்டைப் பார்ப்பவர் அல்லவா? காந்தியடிகள் அவரைக் குஜராத்தில் மாதர் தாலுகாவுக்கு அனுப்பிவைத்தார். வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு அவர் கிராமம் கிராமமாகப் போய்க் குடியானவனின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். எளியவனுடைய கணக்கையும் உட்கார்ந்து பார்க்க ஒரு படித்தவன் வேண்டும் என்பது அதன் பொருள். நானும் கணக்குப் படித்தவன்தான். எட்டு மைல் தூரத்தில் இருந்த கணக்கை அதுவரையில் போய்ப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் போனேன். 'ஆர்வமின்மை' என்பதை அடித்துவிட்டு, 'பாட்டிக்குத் தராசு படித்துச் சொல்லச் சந்தைக்குச் செல்கிறான்' என்று எழுதினேன். பட்டியலை வாங்கிக்கொண்டவர் அதைப் படித்தார். "இப்படி ஒரு காரணம் பாரத்தில் இல்லையே, சார்?" என்றார். இல்லைதான்.

இதோடு நிறுத்தினால் நான் பையனுக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். அவன் சந்தையில் செய்தது சரி. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் பள்ளியை இழந்துகொண்டே வந்தால், நாளைக்கு அவன் அந்தச் சந்தையைத் தாண்ட முடியாது. கிழவியும் ஏமாறக் கூடாது; பையனும் தேங்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன். விடை வெகு சுலபமாக இருந்தது. வெட்கப்படும்படி அவ்வளவு சுலபமாக இருந்தது. கணக்கு அவளுக்குத் தெரியும். கிலோ முப்பத்தைந்து என்றால் அரைக் கிலோ பதினேழரை என்று நொடியில் சொல்வாள். தெரியாதது பத்து எழுத்துகள் மட்டுமே.

மறுநாள் மாலையே மாரியம்மன் கோவில் வேப்பமரத்தடியில் பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. புதனுடைய அப்பாயி வந்தாள். கூச்சப்பட்டுக்கொண்டு இன்னும் நாலு பேர் வந்தார்கள். கரும்பலகையில் ஒன்று முதல் ஒன்பது வரையில் எழுதிக் காட்டினேன். இரண்டு நாளில் கற்றுக்கொண்டார்கள். அடுத்த புதன்கிழமை சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "நீங்க எழுதின மாதிரி அதுலே இல்லீங்களே!" என்றார்கள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. தராசின் எண்கள் வளைந்த எண்கள் அல்ல, நேர்க்கோடுகளை ஒட்டவைத்தவை. கரும்பலகையை மூலையில் சாத்திவிட்டு ஒரு தீப்பெட்டி வாங்கினேன். ஏழு குச்சி வைத்தால் எட்டு. அதில் நடுக்குச்சியை எடுத்தால் சுழியம். ஒரு மூலைக் குச்சியை எடுத்தால் ஆறு; வேறு மூலைக் குச்சியை எடுத்தால் ஒன்பது. இரண்டே குச்சி நின்றால் ஒன்று. கிழவி கொஞ்ச நேரம் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எல்லாம் எட்டு வயித்துலே பொறந்த புள்ளைங்கதானா, வாத்தியாரய்யா?" என்று கேட்டாள்.

சர்வகலாசாலையில் எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர்களில் ஒருவரும் எண்களைப் பற்றி இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

கடைசித் தொல்லை அந்தப் புள்ளி. 12.600 என்பதைப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு என்று ஒருத்தி படித்துவிட்டுத் தானே சிரித்தாள். "புள்ளி என்றால் வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் கிலோ, அந்தப் பக்கம் கிராம்" என்றேன். வேலியைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பதையும் நம்முடையதென்று கேட்டு வாங்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை அப்பாயி தனியாகப் போனாள். அன்று நான் வகுப்பில் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். புதனுடைய பெயர் வந்தது. "உள்ளேன், ஐயா" என்றான். குறி போட்ட பேனா சற்று நின்றது. பிறகு எல்லாருக்கும் முன்னால் அவனிடம், "முறுக்கைப் பற்றி அன்றைக்குச் சொன்னது தப்பு, மன்னித்துக்கொள்ளடா" என்றேன். எல்லாருக்கும் முன்னால் சொன்ன வார்த்தையை எல்லாருக்கும் முன்னால்தானே திருப்பி எடுக்க வேண்டும்? இந்தத் தடவை வகுப்பு சிரிக்கவில்லை. புதன்தான் சிரித்தான்.

சாயங்காலம் அப்பாயி பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். "ஒம்போது கிலோ எண்ணூறு. ஒம்போதுன்னு சொன்னாரு. எண்ணூறு எங்கேன்னேன். குடுத்துட்டாரு" என்று சொல்லி ஒரு முறுக்குப் பொட்டலத்தை என் மேஜைமேல் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் எழவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு புதன்கிழமையும் இப்போது அந்தப் பத்தி நிறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அறுப்புக் காலம் இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, பையன்களுக்கு முறுக்கு ஆசையும் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டைகள் குறைந்திருக்கின்றன. வேப்பமரத்தடிக்குப் பக்கத்து ஊரிலிருந்தும் இரண்டு பாட்டிமார் வந்தார்கள். தீப்பெட்டிச் செலவு என்னுடையது.

36 ரூபாய் மட்டும் என் பேரில் பற்று எழுதியபடியே இருக்கிறது. அதை வரவு வைத்துக்கொள்ள என் அப்பாயி இல்லை. புதன்கிழமைதோறும் பெயர் கூப்பிடும்போது, அதில் ஏதோ கொஞ்சம் கழிவதாக எனக்கு ஒரு நினைப்பு.